பனியா மழையா என்று தெரியாத புயல்: பயணத்துக்கு முன் எதைப் பார்ப்பது, எப்போது முடிவெடுப்பது

மைனஸ் பத்து டிகிரியில் வரும் பனிப்புயல் ஒரு வகையில் சுலபமானது. பெய்யப்போவது பனிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. சாலையில் ஐஸ் பிடிக்காமல் உப்பு தூவும் லாரிகள் முன்கூட்டியே கிளம்பிவிடும், விமான நிறுவனங்கள் முதல் நாளே பயணங்களை ரத்து செய்யும், நாமும் வீட்டில் இருந்துவிடுவோம். தொல்லை தருவது, வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்போது வருகிற புயல்தான். ஒரு டிகிரி கூடினால் வெறும் மழை. ஒரு டிகிரி குறைந்தால் முழங்கால் பனி. நடுவில் மாட்டிக்கொண்டால் சாலை முழுக்க ஐஸ். இந்த மூன்றில் எது வரும் என்று முந்தைய நாள் மாலை வரை வானிலை ஆய்வாளர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாத நாட்கள் உண்டு.

குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கைப்பேசியைத் திறந்து, "எத்தனை சென்டிமீட்டர் பனி?" என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் புயலுக்கு இருப்பதிலேயே குறைந்த பயன் உள்ள எண் அதுதான் என்பேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த மணிக்கு, என் வழியில் எந்த இடத்தில், மழை பனியாகவோ ஐஸாகவோ மாறும்? இதற்கு ஓரளவு பதில் கிடைத்தாலே பயணத்தைப் பற்றிய முடிவு பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

முதலில், ஒரு டிகிரி ஏன் இவ்வளவு படுத்துகிறது

20 மில்லிமீட்டர் தண்ணீர் மேகத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மழையாக இறங்கினால் அது ஒரு சாதாரண ஈர நாள். பனியாக இறங்கினால், ஒன்றுக்குப் பத்து என்ற வழக்கமான கணக்கில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவியும். பூஜ்யத்தை ஒட்டிய ஈரப்பனி என்றால் ஒன்றுக்கு ஐந்து என்ற அளவில் 10 சென்டிமீட்டர்தான் தேறும், ஆனால் எடை அதே எடை. கிளைகளையும் மின்கம்பிகளையும் ஒடிப்பது இந்தக் கனத்த பனி. ஆக, "5 முதல் 20 சென்டிமீட்டர்" என்று ஒரு முன்னறிவிப்பு சொன்னால் அவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். மழையையும் பனியையும் பிரிக்கும் கோடு எங்கே விழும் என்பதில் உள்ள உண்மையான சந்தேகத்தை அவர்கள் நேர்மையாகச் சொல்கிறார்கள்.

கோடு எவ்வளவு கூர்மையாக விழக்கூடும் என்பதற்கு 2015 ஜனவரியில் நியூயார்க் பார்த்த புயல் நல்ல உதாரணம். நகரத்துக்கு இரண்டு முதல் மூன்று அடி பனி என்று முன்னறிவிப்பு இருந்தது. சுரங்க ரயிலையே நிறுத்திவிட்டார்கள். மன்ஹாட்டனின் சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது சுமார் 10 அங்குலம்தான். ஆனால் நூறு கிலோமீட்டருக்குள், கிழக்கே லாங் ஐலண்டில், இரண்டடி விழுந்தது. அங்கே சிக்கல் வெப்பநிலை அல்ல, புயலின் விளிம்பு. ஆனால் பயணிக்குப் பாடம் ஒன்றே: விளிம்பில் இருக்கும் ஊருக்கு ஒற்றை எண்ணை நம்பித் திட்டம் போட முடியாது.

படி 1: வெப்பநிலையோடு டியூ பாயின்ட்டையும் பாருங்கள்

பெரும்பாலான வானிலை செயலிகளில் மணிக்கணக்கிலான பக்கத்துக்குள் போனால் 'டியூ பாயின்ட்' என்று ஒரு எண் இருக்கும். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. எல்லைக்கோட்டுப் புயலில் நான் முதலில் தேடுவதே அதைத்தான்.

காரணம் இது. வறண்ட காற்றுக்குள் மழையோ பனியோ விழத் தொடங்கியதும் அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஆவியாவதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்ந்துவிடும். தோராயமாகக் கணக்குப் போட, வெப்பநிலைக்கும் டியூ பாயின்ட்டுக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். இப்போது 3 டிகிரி, டியூ பாயின்ட் மைனஸ் 5 என்றால் இடைவெளி 8. மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 2.7. ஆக, பெய்யத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், பனி பிடிக்க ஆரம்பிக்கும். அதே 3 டிகிரியில் டியூ பாயின்ட் 2 என்று இருந்தால் குளிர இடமே இல்லை. பெரும்பாலும் மழைதான். இரண்டு நாட்களிலும் செயலியின் முகப்பில் "3 டிகிரி" என்று ஒரே எண்தான் தெரியும்.

இதோடு மூன்று விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமாகப் பெய்யும்போது பனி உருகுவதே கீழ்க்காற்றைக் குளிர்விக்கும். அதனால் தூறலாக இருந்தவரை மழையாக இருந்தது, வலுத்ததும் சட்டென்று பனியாக மாறலாம். இரண்டாவது, உயரம். சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பநிலை அரை டிகிரிக்கு மேல் குறையும். வீடு பள்ளத்தில் இருந்து, போகும் வழியில் 300 மீட்டர் ஏற்றம் இருந்தால் வாசலில் மழை, மேட்டில் பனி என்பது சாதாரணம். மூன்றாவது, நேரம். இரவில் விழும் ஈரப்பனி சாலையில் தங்கும். அதே பனி மார்ச் மாத நண்பகலில் விழுந்தால் தார்ச்சாலையில் பாதி உருகிவிடும்.

படி 2: மேலே வெப்பக் காற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்

தரையில் மைனஸ் 1 என்றால் பனிதான் பெய்யும் என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. தரைக்கு ஒன்று, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பூஜ்யத்துக்கு மேலான காற்றடுக்கு நுழைந்துவிட்டால், பனி அங்கே உருகி மழைத்துளியாகிவிடும். அப்புறம் கீழே உள்ள குளிரடுக்கு தடிமனாக இருந்தால் துளி மறுபடி உறைந்து சிறு ஐஸ் மணிகளாகத் தரையில் குதிக்கும். மெலிதாக இருந்தால் துளி திரவமாகவே வந்து, படும் இடத்தில் உறையும். இதுதான் உறைமழை.

மூன்றிலும் மோசமானது உறைமழை. பனியில் நிதானமாக ஓட்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம், ஐஸ் மணிகளில்கூடக் கொஞ்சம் பிடிமானம் உண்டு, உறைமழையில் எதுவும் கிடையாது. முன்னறிவிப்பில் ஒரு மில்லிமீட்டர் உறைமழை என்று வந்தாலும் அதை 15 சென்டிமீட்டர் பனியைவிடப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ள காற்றை நாம் அளக்க முடியாது. ஆனால் படிக்க முடியும். அமெரிக்காவின் தேசிய வானிலை சேவை ஒவ்வொரு உள்ளூர் அலுவலகத்திலிருந்தும், பணியில் இருக்கும் ஆய்வாளர் தன் சந்தேகங்களை எழுதும் ஒரு விவாதக் குறிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. வரைபடங்களைவிட அந்த நாலு பத்தி அதிகம் சொல்லும். "வெப்ப அடுக்கு எவ்வளவு வடக்கே வரும் என்பதில் தெளிவில்லை" என்று அதில் ஒரு வரி இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய வரி.

படி 3: எந்த நாளில் எதை நம்பலாம்

ஐந்து நாள் முன்பு: புயல் ஒன்று வரக்கூடும் என்பது மட்டும். இந்தக் கட்டத்தில் சமூக ஊடகங்களில் சுற்றும் பயங்கரப் பனி வரைபடம் பெரும்பாலும் வானிலையைக் கணிக்கும் ஏதோ ஒரு கணினி மாதிரியின் ஒரு ஓட்டம். அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. நான்கு ஓட்டமும் நான்கு கதை சொல்லும். ஒவ்வொன்றையும் துரத்தினால் தூக்கம்தான் போகும். இப்போது செய்ய வேண்டியது ஒன்றே: டிக்கெட்டை மாற்ற முடியுமா, அறையை ரத்து செய்ய முடியுமா என்று விதிகளைப் படித்து வைப்பது. பயணக் காப்பீடு வாங்குவதாக இருந்தால் அதுவும் இப்போதே. புயல் பற்றிய அறிவிப்பு வந்த பிறகு வாங்கும் பாலிசிகள் பொதுவாக அந்தப் புயலுக்குப் பணம் தராது.

இரண்டு, மூன்று நாள் முன்பு: புயலின் பாதை ஓரளவு பிடிபடும், கோடு இன்னும் பிடிபடாது. இப்போது ஒற்றை எண்ணுக்குப் பதில் வரம்பைத் தேடுங்கள். குறைந்தபட்சம், எதிர்பார்ப்பது, அதிகபட்சம் என்று பிரித்துத் தரும் வரைபடங்கள் உண்டு. குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 20 என்று இருந்தால் 20 வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்து வையுங்கள்.

ஒரு நாள் முன்பு: எச்சரிக்கைகளின் நிலை தெளிவாகும். அமெரிக்காவில் 'வாட்ச்' என்றால் வாய்ப்பு இருக்கிறது, தயாராகு. 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது அல்லது வரப்போவது ஏறக்குறைய உறுதி. 'அட்வைசரி' என்பது வார்னிங் அளவுக்குக் கடுமை இல்லாத, ஆனால் தொந்தரவு தரக்கூடிய நிலை. பெயர் மென்மையாக இருப்பதால் அதை யாரும் மதிப்பதில்லை. எல்லைக்கோட்டுப் புயல்களில் பாதி விபத்து நடப்பது இந்த நிலையில்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். பிரிட்டனின் மெட் ஆஃபிஸ் மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று நிறங்களில் சொல்கிறது. அந்த நிறம் பனியின் உயரத்தை மட்டும் குறிப்பதில்லை. பாதிப்பு எவ்வளவு, வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துத்தான் நிறம். வாய்ப்புக் குறைவு, ஆனால் வந்தால் பெரும் பாதிப்பு என்றாலும் மஞ்சள்தான் வரும். அதனால் மஞ்சள் எச்சரிக்கையைத் திறந்து உள்ளே உள்ள வாசகத்தைப் படிக்க வேண்டும்.

கடைசிப் பன்னிரண்டு மணி நேரம்: மாதிரிகளைவிட்டு ரேடாருக்கும் சாலைக் கேமராக்களுக்கும் மாறுங்கள். புயல் வரும் திசையில் உள்ள ஊரில் இப்போது என்ன பெய்கிறது என்பதுதான் உங்களுக்கான முன்னறிவிப்பு.

படி 4: முடிவெடுக்க ஒரு கெடு வையுங்கள்

"காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம்" என்பது இந்த வகைப் புயலில் ஆபத்தான வாக்கியம். காலையில் எல்லாரும் எழுந்து பார்ப்பார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்.

2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் நடந்தது இதுதான். விழுந்தது ஆறேழு சென்டிமீட்டர் பனி. அதிகாலையில்தான் எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டது, பள்ளியும் அலுவலகமும் வழக்கம்போலத் திறந்தன. பனி தொடங்கியதும் ஊரே மதியத்தில் ஒரே சமயத்தில் சாலைக்கு வந்தது. உப்பு போடும் லாரிகளும் அதே நெரிசலில் நின்றன. குழந்தைகள் பள்ளியிலேயே இரவு தங்கினார்கள், ஏராளமானோர் காரிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். பனியின் அளவைவிடக் கிளம்பிய நேரம்தான் அன்று ஊரை முடக்கியது.

கெடுவை எப்படி வைப்பது? மழை மாறும் என்று சொல்லப்படும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாகவே மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் போய்ச் சேர முடிந்தால் போகலாம். முடியாதென்றால் முதல் நாளே போவது, அல்லது புயல் முடிந்து சாலை சுத்தமான பிறகு போவது. நடுவில் புகுந்து ஓட்டுவது மூன்றாவது வழி அல்ல. திருமணம், நேர்காணல், விசா சந்திப்பு என்று தள்ளிப்போட முடியாததாக இருந்தால் முதல் நாளே போய் ஒரு இரவு தங்குவது எவ்வளவு செலவானாலும் மலிவுதான்.

முடிவை எளிதாக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: கணிப்பு தவறினால் நான் எங்கே நிற்பேன்? வீட்டிலா, ஹோட்டலிலா, விமான நிலையத்திலா, நெடுஞ்சாலையிலா? கடைசிப் பதில் வந்தால் போவதில்லை.

படி 5: சாலையில் போவதாக இருந்தால்

மழையில் தொடங்கிப் பனியில் முடியும் புயல்தான் சாலைக்கு மிகக் கெட்டது. வறண்ட சாலையில் முன்கூட்டியே உப்புக் கரைசல் தெளித்துவைப்பது வழக்கம். முதலில் மழை பெய்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். 2022 ஜனவரி 3 அன்று வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலையில் இப்படித்தான் ஆனது. மழை கழுவிவிடும் என்பதால் முன்கூட்டித் தெளிக்கவில்லை. மழை வேகமான பனியாக மாறி, லாரிகள் குறுக்கே சறுக்கி நின்று, நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரு நாளுக்கு மேல் மாட்டிக்கொண்டன. செனட்டர் டிம் கேன் வாஷிங்டன் போக 27 மணி நேரம் எடுத்தார். பதவி, பணம், நல்ல கார் எதுவும் அங்கே உதவவில்லை.

காற்றின் வெப்பநிலை 2 டிகிரி என்றால் சாலையும் 2 டிகிரி என்று பொருள் இல்லை. தெளிந்த இரவுக்குப் பிறகு சாலைப்பரப்பு காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும். பாலங்களும் மேம்பாலச் சரிவுகளும் கீழிருந்தும் குளிர்வதால் முதலில் உறையும். ஈரமாக மட்டும் தெரியும் கறுப்புச் சாலையில், முன்னால் போகும் வண்டியின் சக்கரங்கள் நீர் தெறிக்கவில்லை என்றால் அது ஈரம் அல்ல, ஐஸ்.

டயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். சாதாரணக் கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துத் தரும் முத்திரை. 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அப்படிச் சோதித்ததற்கு உத்தரவாதம் இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. ஐஸில் நிற்கும் தூரம் பத்து மடங்கு வரை கூடலாம் என்று பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் சொல்கிறது.

கிளம்பும்போது டேங்க்கில் பாதிக்கு மேல் எரிபொருள், போர்வை, கையுறை, சிறு மண்வாரி, டார்ச், சார்ஜர், தண்ணீர், சாப்பிட ஏதாவது. குழந்தைகள் இருந்தால் இரண்டு மடங்கு. வண்டி சறுக்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து மெதுவாகத் திருப்புங்கள். பனி அள்ளும் வண்டியை முந்தவே வேண்டாம். அதன் பின்னால் உள்ள சாலைதான் அந்த ஊரிலேயே நல்ல சாலை.

மாட்டிக்கொண்டால் காரைவிட்டு நடந்து போகாதீர்கள். எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் போல ஓட்டிச் சூடேற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிப் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்து அகற்றுங்கள், ஒரு ஜன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

படி 6: விமானம் என்றால்

பூஜ்யத்தை ஒட்டிய புயலில் விமானங்கள் தாமதமாவதற்கு முக்கியக் காரணம் ஓடுபாதை அல்ல, இறக்கை. இறக்கையில் ஐஸ் ஒட்டியிருந்தால் எழும்ப முடியாது. அதனால் முதலில் சூடான ஆரஞ்சு நிறத் திரவத்தால் கழுவி, பிறகு கெட்டியான பச்சைத் திரவம் பூசுவார்கள். அது எத்தனை நிமிடம் காக்கும் என்பதற்கு, என்ன பெய்கிறது, எவ்வளவு குளிர் என்பதைப் பொறுத்து அட்டவணை இருக்கிறது. வரிசையில் நிற்கும்போதே அந்த நிமிடங்கள் முடிந்துவிட்டால் திரும்பிப் போய் மறுபடி பூச வேண்டும். கடும் உறைமழைக்கு அட்டவணையே கிடையாது. அதனால்தான் பனியில் மெதுவாக நகரும் விமான நிலையம் உறைமழையில் ஒரேயடியாக நின்றுவிடும்.

புயலுக்கு முன் விமான நிறுவனங்கள் கட்டணமில்லாமல் தேதி மாற்றும் சலுகையை அறிவிப்பது வழக்கம். வந்த உடனே பயன்படுத்துங்கள், நல்ல இருக்கைகள் முதல் சில மணி நேரத்தில் போய்விடும். உங்கள் விமானம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று செயலியில் பாருங்கள். உங்கள் ஊரில் வெயில் அடித்தாலும் அது புயலுக்குள் இருந்து வர வேண்டியிருந்தால் தாமதம்தான். இணைப்பு விமானம் இருந்தால் புயல் பக்கம் வராத நகரம் வழியாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள், தாமாகச் சொல்வதில்லை.

உரிமைகள் நாட்டுக்கு நாடு வேறு. வானிலை காரணம் என்றால் இழப்பீடு பெரும்பாலும் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் விமானம் ரத்தாகி நீங்கள் மாற்றுப் பயணத்தை ஏற்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் வானிலையே காரணமாக இருந்தாலும் உணவு, தேவைப்பட்டால் தங்குமிடம் தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. திருப்பித் தர வேண்டிய பணத்துக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்து அனுப்பப் பார்த்தால் அவசரப்பட்டு வாங்கிக்கொள்ள வேண்டாம். ரசீதுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலும் பஸ்ஸும் பொதுவாகக் காரைவிட நம்பகமானவை, ஆனால் ஐஸ் அவற்றையும் விடாது. தண்டவாளம் பிரியும் இடங்கள் உறைந்துவிடும். தென்கிழக்கு இங்கிலாந்தைப் போல மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் வரும் பாதைகளில் மெல்லிய ஐஸ் படலமே ரயிலை நிறுத்திவிடும். மேட்டுப் பகுதிக்குப் போகும் பஸ்கள்தான் முதலில் நிற்கும். கடைசி வண்டியை நம்பாமல் இரண்டு வண்டி முன்னதாகவே ஏறிவிடுங்கள்.

படி 7: புயல் முடிந்த அடுத்த இரவு

பகலில் 2, 3 டிகிரி வந்து பாதி உருகும், சாலை கறுப்பாகத் தெரியும், எல்லாரும் முடிந்தது என்று கிளம்புவார்கள். வானம் தெளிந்தால் அன்றிரவே மைனஸுக்குப் போய், உருகி ஓடிய நீரெல்லாம் உறையும். சாலைப்பரப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பும் சரியாக வேலை செய்யாது. எனவே திரும்பும் பயணத்தை மறுநாள் காலை ஆறு மணிக்கு வைக்காதீர்கள். பத்து மணிக்கு மேல், வெயில் ஏறி, உப்பு லாரி இன்னொரு சுற்று வந்த பிறகு கிளம்புங்கள். அமெரிக்காவிலும் கனடாவின் பல மாகாணங்களிலும் 511 என்ற எண்ணிலோ அதே பெயரிலான தளத்திலோ அந்த நேரத்துச் சாலை நிலையைக் கேட்டுவிட்டுப் புறப்படலாம். நடைபாதையிலும் வாகன நிறுத்துமிடத்திலும் அதே ஐஸ் இருக்கும். கைகளைக் கோட்டுப் பைக்குள் வைக்காமல், அடியைச் சின்னதாக வைத்து நடங்கள்.